பட்டை வரைபடத்தில் அச்சின் அளவை மாற்றினால் தோற்றம் எவ்வளவு மாறும்? எது சரி, எது தவறு?

#1 வரைதாள்

நான்கு குழுக்களின் சராசரி மதிப்பெண்கள் 52, 53, 55, 54. இதை எக்செலில் பட்டை வரைபடமாகப் போட்டால் மூன்றாவது குழு முதல் குழுவைப்போலப் பல மடங்கு உயரமாக நிற்கிறது. இன்னொரு மென்பொருளில் போட்டால் நான்கு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரம். எண்கள் அதேதான். ஒய் அச்சு மட்டும்தான் வேறு: முதலாவதில் 50 பக்கத்தில் தொடங்குகிறது, இரண்டாவதில் 0இல் தொடங்குகிறது.

இதைப் பாடமாக நடத்த வேண்டும். "அச்சு எப்போதும் பூச்சியத்தில் தொடங்க வேண்டும்" என்று ஒரு வரியில் சொல்லி முடிக்க மனமில்லை. ஏன் என்று காட்ட வேண்டும், விலக்கு உண்டா என்றும் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு விளக்கினால் நல்லது.

#2 தரவுத்தச்சன்

"அளவை மாற்றுவது" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி வேலைகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று, நீட்டுவது அல்லது சுருக்குவது. 1 செ.மீ = 6 அலகு என்பதை 1 செ.மீ = 12 அலகு ஆக்குவது. இரண்டு, தொடக்கத்தை நகர்த்துவது. 0இல் தொடங்கிய அச்சை 50இல் தொடங்க வைப்பது.

உங்கள் எண்களையே 10 செ.மீ உயர வரைதாளில் போட்டுப் பாருங்கள்.

0 முதல் 60 வரை: 8.67, 8.83, 9.17, 9.00 செ.மீ.
0 முதல் 120 வரை: 4.33, 4.42, 4.58, 4.50 செ.மீ.
50 முதல் 60 வரை: 2, 3, 5, 4 செ.மீ.

முதல் இரண்டிலும் மூன்றாம் பட்டையை முதல் பட்டையால் வகுத்தால் 1.058. மதிப்பெண்களிலும் 55 ÷ 52 = 1.058. படம் பாதியாகச் சுருங்கியும் விகிதம் கலையவில்லை. மூன்றாவதில் 5 ÷ 2 = 2.5. நீட்டுவதும் சுருக்குவதும் பெருக்கல். பெருக்கலில் விகிதம் அப்படியே இருக்கும். தொடக்கத்தை நகர்த்துவது கழித்தல். ஒவ்வொரு பட்டையின் அடியிலிருந்தும் 50 அலகை வெட்டி எறிகிறோம். கழித்தலில் விகிதம் நிற்காது.

பட்டை என்பது நீளத்தால் பேசும் படம். 1786இல் வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக அச்சிட்ட காலத்திலிருந்து அதன் வேலை இதுதான்: இது அதைப்போல எத்தனை மடங்கு என்று நீளத்தைக் கொண்டு சொல்வது. அடியை வெட்டிவிட்டால் நீளத்துக்குப் பொருளே போய்விடுகிறது. பூச்சியத்தில் தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான். சம்பிரதாயம் எல்லாம் இல்லை.

#3 கணக்கு_டீச்சர்

மேலே சொன்னதோடு ஒரு சின்னச் சூத்திரத்தையும் சேர்த்துக்கொண்டால் வகுப்பில் நன்றாக எடுபடும்.

புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி 1983இல் ஓர் அளவீட்டை முன்வைத்தார். படத்தில் தெரியும் மாற்றத்தின் சதவீதத்தை, தரவில் உள்ள மாற்றத்தின் சதவீதத்தால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் படம் உண்மை பேசுகிறது. இங்கே 2 செ.மீ-இலிருந்து 5 செ.மீ என்றால் 150% உயர்வு. 52இலிருந்து 55 என்றால் 5.77% உயர்வு. 150 ÷ 5.77 = 26. அதாவது உயர்வு 26 மடங்கு ஊதிக் காட்டப்படுகிறது.

இதைச் சுருக்கினால் பெரிய மதிப்பு அடிபட்டுப் போய்விடும் என்பதுதான் அழகு. மிஞ்சுவது:

ஊதல் = சிறிய மதிப்பு ÷ (சிறிய மதிப்பு − தொடக்கம்)

52 ÷ (52 − 50) = 26. மாணவர்களைத் தொடக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். தொடக்கம் 0 என்றால் 1. 26 என்றால் 2. 40 என்றால் 4.33. 50 என்றால் 26. 51 என்றால் 52. தொடக்கம் சிறிய மதிப்பை நெருங்க நெருங்க ஊதல் தாறுமாறாக ஏறுகிறது. பாதி உயரம் வரை வெட்டினால்கூட 2 மடங்குதான். கடைசி ஓரிரு அலகில்தான் படம் கையை மீறிப் போகிறது.

நிஜ உதாரணம் வேண்டுமென்றால், 2012இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த வரி விகிதப் படம் பலரும் எடுத்துக்காட்டுவது. 35%, 39.6% என்ற இரண்டு பட்டைகள், அச்சு 34இல் தொடக்கம். 35 ÷ 1 = 35 மடங்கு ஊதல். உண்மை உயர்வு 13%. படத்தில் இரண்டாவது பட்டை முதலாவதைப்போல 5.6 மடங்கு.

#4 பக்கவடிவம்

கணக்கு சரி. ஆனால் ஒரு எதிர்வாதம். 0 முதல் 60 வரை போட்டால் வாசகர் பார்ப்பது ஒரே உயரத்தில் நான்கு பெட்டிகள். 8.67க்கும் 9.17க்கும் உள்ள வேறுபாடு அரை செ.மீ. அலைபேசித் திரையில் அதுவும் கிடையாது. சில துறைகளில் 3 அலகு வித்தியாசமே பெரிய செய்தி. அதை மறைக்கிற படமும் ஒருவகையில் ஏமாற்றுதானே? அச்சின் மேல் எல்லையை 500 என்று வைத்தால் 55 கூட 1.1 செ.மீ-தான். விகிதம் பிசகாது, ஆனால் வித்தியாசம் 0.6 மி.மீ. யார் கண்ணுக்குத் தெரியும்? பூச்சியத்தில் தொடங்கியே ஒரு விஷயத்தை அமுக்கிவிடலாம்.

#5 தரவுத்தச்சன்

@பக்கவடிவம் மேல் எல்லை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மேல் எல்லைக்கு, பெரிய மதிப்புக்கு மேலே 5 முதல் 10% இடம் போதும். தரவுக்கே இயல்பான உச்சம் இருந்தால் (100க்கு எத்தனை மதிப்பெண் என்பதுபோல) அந்த உச்சத்தை வைக்கலாம். அதற்கு மேல் காலியிடம் விடுவதற்குக் காரணம் கிடையாது.

ஆனால் 3 அலகு வித்தியாசம்தான் செய்தி என்றால் அதற்குப் பட்டை சரியான வடிவம் இல்லை. புள்ளி வரைபடம் போடுங்கள். அதே 50–60 அச்சில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புள்ளி. புள்ளிக்கு நீளம் இல்லை, இடம் மட்டும்தான். "இது அதைவிட 3 அலகு தள்ளி இருக்கிறது" என்று படிப்போமே தவிர, "இரண்டரை மடங்கு" என்று யாரும் படிக்க மாட்டார்கள். கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984இல் செய்த சோதனைகளில், பொதுவான ஓர் அச்சில் இடத்தை ஒப்பிடுவதைத்தான் மக்கள் மிகத் துல்லியமாகச் செய்தார்கள். நீளம், கோணம், பரப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆகவே புள்ளி வரைபடத்தில் வாசகருக்கு நட்டம் ஏதும் இல்லை.

இன்னொரு வழி, வித்தியாசத்தையே அளவாக்குவது. நான்கின் சராசரி 53.5. அதிலிருந்து விலகல் −1.5, −0.5, +1.5, +0.5. இதைப் பட்டையாகப் போட்டால் பூச்சியம் இருக்கிறது, நீளத்துக்குப் பொருளும் இருக்கிறது. அச்சின் பெயரை மட்டும் "சராசரியிலிருந்து விலகல்" என்று தெளிவாக எழுத வேண்டும்.

#6 விரிதாள்வாசி

எக்செல் ஏன் 50 பக்கத்தில் தொடங்கியது என்பதற்குப் பதில். அது தற்செயல் இல்லை, ஒரு விதி இருக்கிறது.

எல்லா மதிப்பும் நேர்மமாக இருந்து, பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரிய மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கு (16.67%) மேல் இருந்தால் தானியங்கித் தொடக்கம் 0. அதற்குள் இருந்தால், சிறிய மதிப்பிலிருந்து வித்தியாசத்தில் பாதியைக் கழித்து, அதற்குக் கீழே வரும் முதல் அளவுக்கோட்டில் அச்சைத் தொடங்கும். உங்களுடையதில் வித்தியாசம் 3. 3 ÷ 55 = 5.5%. ஆகவே 52 − 1.5 = 50.5, அல்லது அதை ஒட்டிய கோடு. படத்தின் உயரத்தைப் பொறுத்து அளவுக்கோட்டின் இடைவெளி மாறும் என்பதால் தொடக்கமும் சற்று மாறலாம்.

இதில் உள்ள ஆபத்தைக் கவனியுங்கள். ஐந்தாவது குழுவாக 40ஐச் சேர்த்தால் வித்தியாசம் 15, அதாவது 27%. அச்சு சத்தமில்லாமல் 0க்குத் தாவிவிடும். நேற்றைய படமும் இன்றைய படமும் ஒரே கோப்பு, ஒரே வார்ப்புரு. தோற்றம் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மாதாமாதம் புதுப்பிக்கும் அறிக்கைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

சரிசெய்ய: ஒய் அச்சின் எண்கள் மேல் வலச் சொடுக்கு, ஃபார்மேட் ஆக்சிஸ், ஆக்சிஸ் ஆப்ஷன்ஸ், பவுண்ட்ஸ், மினிமம் பெட்டியில் 0 என்று நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். ஏற்கெனவே 0 காட்டினாலும் திரும்ப அடியுங்கள். பக்கத்தில் 'ஆட்டோ' என்று இருப்பது 'ரீசெட்' என்று மாறினால்தான் பூட்டியது என்று பொருள். இரண்டு படங்களை அருகருகே வைக்கப் போகிறீர்கள் என்றால் மேக்சிமத்தையும் பூட்டுங்கள். லிப்ரே ஆபீஸில் அச்சை இருமுறை சொடுக்கி அளவுக்கான தாவலில் மினிமம் பக்கத்து ஆட்டோமேட்டிக் குறியை எடுத்துவிட்டு 0 இட வேண்டும்.

முப்பரிமாணப் பட்டையை மட்டும் தொடாதீர்கள். பட்டையின் உச்சி பின்னால் உள்ள கோட்டை எட்டாததுபோலத் தெரியும். அச்சு எவ்வளவு சரியாக இருந்தாலும் மதிப்பைப் படிக்க முடியாது.

#7 வரைதாள்

பயனுள்ள விளக்கங்கள். அடுத்த கேள்வி. அச்சின் அடியில் நெளிக்கோடு போட்டு "இங்கே அச்சு முறிந்திருக்கிறது" என்று காட்டினால் போதாதா? பாடப்புத்தகத்தில் அந்த நெளிக்கோடு உண்டு. தவிர, பட்டைகளின் தலையில் எண்ணையும் எழுதிவிடுகிறோமே?

#8 கணக்கு_டீச்சர்

நெளிக்கோடு நேர்மையான அறிவிப்பு. போடாமல் விடுவதைவிடப் போடுவது மேல். ஆனால் அறிவிப்பு வேறு, கண்ணில் படிவது வேறு. 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வெட்டிய அச்சு எப்படி ஏமாற்றும் என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்ன பிறகும் பங்கேற்றவர்கள் வித்தியாசத்தைப் பெரிதாகவே மதிப்பிட்டார்கள். விளக்கத்தால் பாதிப்பு குறைந்தது, தீரவில்லை. தெரிந்து பார்ப்பவருக்கே இப்படி என்றால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகிறவருக்கு நெளிக்கோடு என்ன செய்யும்?

தலையில் எழுதும் எண்ணும் அப்படித்தான். எண் 55 என்று சொல்கிறது, பட்டை "இரண்டரை மடங்கு" என்று சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது வாசகர் மனத்தில் பட்டைதான் தங்குகிறது.

நெளிக்கோட்டைக் கோட்டு வரைபடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சரிவைத்தான் படிக்கிறோம், அடியிலிருந்து நீளத்தை அல்ல. அங்கும் அச்சை வெட்டினால் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பட்டையில்போல அடிப்படைப் பொருளே உடைவதில்லை.

#9 பக்கவடிவம்

முறிவு பற்றி வந்ததால் இதையும் கேட்டுவிடுகிறேன். 12, 15, 18, 240. ஒரே ஒரு மதிப்பு வானத்தில். 0–250 அச்சில், 10 செ.மீ உயரத்தில் முதல் மூன்றும் 0.48, 0.60, 0.72 செ.மீ. மூன்றும் குட்டையாக நசுங்கிக் கிடக்கும். பட்டையின் நடுவில் வெட்டு போடுவதுதான் பல இடங்களில் வழக்கம்.

#10 தரவுத்தச்சன்

நடுவில் வெட்டிய பட்டை ஒரு பொய் நீளம். 240க்கான பட்டையை 30 அலகு உயரத்தில் முறித்து வைத்தால், 18க்கு அது இரண்டு மடங்குகூட இல்லை என்று தெரியும். உண்மை 13 மடங்குக்கு மேல்.

நான் பரிந்துரைப்பது இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தில் நான்கு பட்டைகளும் 0–250 அச்சில். அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்பது அங்கே தெரியட்டும். வலது கட்டத்தில் முதல் மூன்று மட்டும் 0–20 அச்சில். 10 செ.மீ-இல் 6, 7.5, 9 செ.மீ வரும். இரண்டு அச்சுகளும் பூச்சியத்தில்தான் தொடங்குகின்றன. வலது கட்டத்தின் பின்னணிக்கு இலேசான வேறு நிறம் கொடுத்து, "அளவு வேறு" என்று தலைப்பிலேயே எழுதுங்கள். இடம் இல்லையென்றால் மடக்கை அளவில் (1, 10, 100 என்று ஒவ்வொரு சம அடிக்கும் மதிப்பு பத்து மடங்காகும் அச்சில்) புள்ளி வரைபடம்.

#11 விரிதாள்வாசி

மடக்கை அளவில் பட்டையே போட்டால் என்ன? 'லாகரிதமிக் ஸ்கேல்' என்று ஒரு குறியிட்டாலே வந்துவிடுகிறதே.

#12 மடக்கை

வரும். ஆனால் அந்தப் பட்டையின் நீளம் எதைச் சொல்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

10, 100, 1000 என்ற மூன்று மதிப்புகள். மடக்கை அச்சு 1இல் தொடங்கினால் நீளங்கள் 1 : 2 : 3. 0.1இல் தொடங்கினால் 2 : 3 : 4. 0.001இல் தொடங்கினால் 4 : 5 : 6. மடக்கை அச்சில் பூச்சியத்துக்கு இடமே கிடையாது, எவ்வளவு கீழே போனாலும் அது வராது. ஆகவே எங்கே தொடங்குவது என்பது வரைபவர் விருப்பம். விருப்பத்தைப் பொறுத்து நீளம் மாறுகிறது என்றால் அந்த நீளத்தை எப்படி நம்புவது?

தொடக்கம் 1 என்று வைத்து, மதிப்புகளில் ஒன்று 0.5 என்றால் அந்தப் பட்டை தலைகீழாகத் தொங்கும். அதை எதிர்ம மதிப்பு என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். மதிப்பு 0 என்றால் பட்டையே வராது. "தரவு இல்லை" என்பதற்கும் "பூச்சியம்" என்பதற்கும் வித்தியாசம் போய்விடும்.

எல்லாவற்றிலும் மோசம், அடுக்குப் பட்டையை மடக்கை அளவில் போடுவது. கீழே 10, அதன் மேல் 90, மொத்தம் 100. 1இல் தொடங்கும் மடக்கை அச்சில் 10 பாதி உயரத்தைப் பிடித்துக்கொள்ளும், 90 மீதிப் பாதியை. ஒன்பது மடங்கு வித்தியாசம் சரிபாதியாகத் தெரியும். அடுக்கும் வரிசையை மாற்றினால் கீழே வரும் 90 உயரத்தில் 97.7%ஐ எடுத்துக்கொள்ளும். தரவு மாறவே இல்லை.

மடக்கை அளவு தேவைப்படும் இடங்கள் நிறைய உண்டு: பல பத்து மடங்கு விரிந்த மதிப்புகள், பெருக்கல் முறையில் வளர்பவை. அங்கெல்லாம் புள்ளி அல்லது கோடு. அச்சில் 1, 10, 100 என்று முழு அடுக்குகளை எழுதிவிட்டு, இடையில் 2, 5 போன்ற சிறு கோடுகளையும் போடுங்கள். 10க்கும் 100க்கும் நடுவில் இருப்பது 55 என்று நினைப்பவர்களே அதிகம். அது 31.6.

#13 வரைதாள்

வெப்பநிலை? 10 பாகை செல்சியஸ், 20 பாகை செல்சியஸ். 0இல் தொடங்கிப் பட்டை போட்டால் இரண்டாவது இரு மடங்கு உயரம். விதிப்படி சரியான படம்தானே?

#14 மடக்கை

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 0இல் தொடங்கினாலே போதும் என்ற விதி இங்கே உதவாது. அந்தப் பூச்சியத்துக்கு "ஒன்றுமே இல்லை" என்ற பொருள் இருக்க வேண்டும். செல்சியஸின் 0 நீர் உறையும் இடம், வெப்பம் இல்லாத இடம் அல்ல. அதே இரண்டையும் ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 50, 68. விகிதம் 1.36. கெல்வினில் 283.15, 293.15. விகிதம் 1.035. ஒரே இரண்டு நாள்கள், மூன்று விதமான பட்டைகள். உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946இல் இடைவெளி அளவு (பூச்சியம் நாம் வசதிக்கு வைத்தது), விகித அளவு (பூச்சியம் என்றால் ஒன்றுமே இல்லை) என்று பிரித்தது இதற்குத்தான். விகித அளவுக்கு மட்டுமே பட்டை பொருந்தும்.

வெப்பநிலையைப் பட்டையாகக் காட்டியே ஆக வேண்டுமென்றால் ஓர் அடிப்படைக் காலத்தின் சராசரியிலிருந்து விலகலைப் போடுங்கள். உலக வெப்பநிலைப் படங்களில் நாசா 1951–1980 சராசரியைப் பூச்சியமாக வைத்து மேலும் கீழும் வரைவது இந்த முறைதான். பிஎச் மதிப்பு, ஆண்டு எண், டெசிபல் இவையெல்லாம் பட்டைக்கு ஆகாதவை. இதே காரணம்.

#15 நிரல்வழி

நிரல் எழுதி வரைபவர்களுக்கு இரண்டு குறிப்புகள்.

'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஜிஜிபிளாட்2 வரைபடத் தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அளவுகோலின் லிமிட்ஸில் 50, 60 என்று கொடுத்துப் பாருங்கள். பட்டைகள் மொத்தமாகக் காணாமல் போய்விடும். "வரிசைகள் நீக்கப்பட்டன" என்ற எச்சரிக்கை மட்டும் வரும். பலர் இதைப் பிழை என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு பட்டையும் 0இலிருந்து மதிப்பு வரை நீளும் ஒரு செவ்வகம். அதன் அடி 50க்குக் கீழே, எல்லைக்கு வெளியே இருப்பதால் நிரல் அதை 'இல்லாத மதிப்பு' ஆக்கி, செவ்வகத்தையே தூக்கிவிடுகிறது. 'கோஆர்ட் கார்ட்டீசியன்' கட்டளையில் எல்லையைக் கொடுத்தால் வெட்டிய படம் வரும், பட்டை நீங்காது. ஆனால் அங்கே தரப்படுவது வெறும் உருப்பெருக்கம், அதாவது #2இல் பேசிய அதே வெட்டு. பட்டை காணாமல் போவதைச் சரிசெய்யத் தேடி வருபவர்கள் கடைசியில் வெட்டிய அச்சோடு திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் பட்டை வரையும் 'ஜியோம் கால்' கட்டளையை எடுத்துவிட்டு, புள்ளி வரையும் 'ஜியோம் பாயின்ட்' போட்டால் வேலை முடிந்தது.

பைத்தானில் மேட்பிளாட்லிப் தானாகவே பட்டையை 0இலிருந்து வரையும், அடியில் இடைவெளியும் விடாது. நாமாக செட் ஒய்லிம் கொடுத்தால்தான் வெட்டும். ஜிஜிபிளாட்2 அடியில் 5% இடைவெளி விடும். பட்டை அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். எக்ஸ்பான்ஷனில் கீழே 0, மேலே 0.05 என்று கொடுத்தால் பட்டை தரையில் உட்காரும்.

பல சிறு கட்டங்களாகப் பிரிக்கும்போது 'ஃப்ரீ' அளவு கொடுக்காதீர்கள். ஒரு கட்டத்தில் 5, 8. அடுத்ததில் 50, 80. இரண்டும் அச்சு அசலாக ஒரே படமாக வரும். மேட்பிளாட்லிப்பில் ஷேர்ஒய் என்பதை 'ட்ரூ' என வைக்க வேண்டும்.

#16 பக்கவடிவம்

எல்லோரும் ஒய் அச்சிலேயே நிற்கிறோம். எக்ஸ் அச்சும் இதே வேலையைச் செய்யும்.

2000, 2005, 2010, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் மதிப்பு 100, 150, 200, 210, 220. பட்டைகளைச் சம இடைவெளியில் நிறுத்தினால் முதலில் வேகமாக ஏறி, 2010க்குப் பிறகு வளர்ச்சி படுத்துவிட்டதுபோல இருக்கும். கணக்குப் போட்டால் எல்லாக் காலத்திலும் ஆண்டுக்கு 10தான். ஒய் அச்சு பூச்சியத்தில்தான் தொடங்குகிறது, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் படம் சொல்லும் செய்தி தவறு. விடுபட்ட ஆண்டுகளுக்கும் காலி இடம் விட வேண்டும்.

#17 விரிதாள்வாசி

அதற்கு எக்செலில் எக்ஸ் அச்சை 'டேட் ஆக்சிஸ்' ஆக்கினால் இடைவெளி தானே வந்துவிடும். முழுத் தேதியாக உள்ளிடுவது நல்லது. ஒரு சிக்கல் வரும்: ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி என்று தரவு இருந்து, அடிப்படை அலகு 'டேஸ்' என்று இருந்தால், பட்டைகள் நூல்போல மெலிந்துவிடும். ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று ஒதுக்கி, ஆண்டுக்கு 365 இடங்களில் 12ஐ மட்டும் நிரப்புகிறது. 'பேஸ்' அலகை 'மன்த்ஸ்' ஆக்குங்கள். ஆண்டுத் தரவு என்றால் 'இயர்ஸ்'.

#18 கணக்கு_டீச்சர்

எக்ஸ் அச்சு என்றதும் நிகழ்வுச் செவ்வகம் ஞாபகம் வருகிறது. பட்டை வரைபடத்தின் உறவுக்காரர், ஆனால் அங்கே பரப்புதான் பேசும். பிரிவுகள் 0–10, 10–20, 20–40. நிகழ்வெண்கள் 8, 12, 16. கடைசிப் பிரிவின் அகலம் இரட்டிப்பு. உயரமாக 16ஐயே வைத்தால் பரப்பு 320, நடுப் பிரிவுக்கு 120. 2.67 மடங்கு என்று கண் சொல்லும். உண்மை 16 ÷ 12 = 1.33. நிகழ்வெண்ணை அகலத்தால் வகுத்து 0.8, 1.2, 0.8 என்று உயரம் வைக்க வேண்டும்.

#19 வரைதாள்

அச்சில் எண்களே இல்லாத படங்களை என்ன செய்வது? பட்டை தலையில் மட்டும் எண் இருக்கும், இடப்பக்கம் ஒன்றும் இருக்காது. வெட்டியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#20 தரவுத்தச்சன்

அடிமட்டம் போதும். மிகக் குட்டையான பட்டையையும் மிக உயரமான பட்டையையும் அளந்துகொள்ளுங்கள்.

தொடக்கம் = (சிறிய மதிப்பு × உயரப் பட்டையின் நீளம் − பெரிய மதிப்பு × குட்டைப் பட்டையின் நீளம்) ÷ (இரு நீளங்களின் வித்தியாசம்)

52க்கு 2 செ.மீ, 55க்கு 5 செ.மீ என்று வந்தால்: (52 × 5 − 55 × 2) ÷ 3 = 150 ÷ 3 = 50. அச்சு 50இல் தொடங்கியது என்று படமே ஒப்புக்கொள்கிறது.

வெட்டாத படத்தில் 8.7, 9.2 செ.மீ என்று அளந்தால்: (478.4 − 478.5) ÷ 0.5 = −0.2. கிட்டத்தட்ட 0. எச்சரிக்கை: வித்தியாசம் சிறிதாக இருக்கும்போது 1 மி.மீ பிசகினாலும் விடை ஓடிவிடும். 8.7க்குப் பதில் 8.6 என்று அளந்தால் விடை 9 என்று வரும். படத்தைத் திரையில் பெரிதாக்கி, படப்புள்ளிகளை எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை. பட்டைகளுக்கு இடையே எண்கள் நன்றாக விலகியிருக்கும் இணையைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது பட்டையை வைத்தும் ஒருமுறை போடுங்கள். வேறு வேறு தொடக்கம் வந்தால் பட்டைகள் எந்த அளவுக்கும் வரையப்படவில்லை, கையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

#21 பக்கவடிவம்

இதை வகுப்பில் கட்டாயம் செய்யுங்கள். அச்சில்லாத படத்தை விசாரிக்கக் கற்றுக்கொண்ட மாணவர் பிறகு எந்தப் படத்தையும் சும்மா விடமாட்டார்.

ஒரு கடைசிச் சந்தேகம். வெற்றி விகிதம் 98.2%, 98.9%, 99.6%. பூச்சியத்தில் தொடங்கினால் எதுவுமே தெரியாது. தோல்வி விகிதமாகத் திருப்பி 1.8, 1.1, 0.4 என்று போட்டால் பூச்சியத்தில் தொடங்கியே நாலரை மடங்கு வித்தியாசம் வருகிறது. இதுவும் தந்திரமா?

#22 மடக்கை

தந்திரம் இல்லை, கேள்வி மாறுகிறது. தோல்வி விகிதத்தின் பூச்சியத்துக்குப் பொருள் உண்டு, 1.8 என்பது 0.4ஐப்போல உண்மையாகவே 4.5 மடங்கு. வாசகருக்கு வேண்டியது தோல்விகளின் எண்ணிக்கை என்றால் இந்தப் படம்தான் சரி. ஆனால் "வெற்றி" என்ற தலைப்பின் கீழ் இதை ஒட்டக்கூடாது. மொத்த எண்ணிக்கையும் அருகில் இருக்க வேண்டும்: 1000 முயற்சிகளில் 18க்கும் 4க்கும் உள்ள வித்தியாசம் வேறு, 50 முயற்சிகளில் ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசம் வேறு.

#23 வரைதாள்

அப்படியானால் என் நான்கு குழுக்களுக்கு: இடப்பக்கம் 0–60 பட்டை, தலையில் எண்களோடு. வலப்பக்கம் 50–56 அச்சில் புள்ளிகள். ஒவ்வொரு குழுவிலும் 30 பேர், திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) சுமார் 12. சரிதானா?

#24 கணக்கு_டீச்சர்

பட்டை சரி. புள்ளிகளுக்கு 50–56 போதாது. நீங்கள் தந்த விவரப்படி ஒரு சராசரியின் திட்டப்பிழை (வேறு 30 பேரை எடுத்தால் சராசரி எவ்வளவு ஆடும் என்ற அளவு) 12 ÷ √30 = 2.19. 95% நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ ±4.5. முதல் குழு 47.5 முதல் 56.5 வரை, மூன்றாம் குழு 50.5 முதல் 59.5 வரை. நீங்கள் வைத்த அச்சுக்குள் இந்த இடைவெளிகளைக் காட்டும் கோடுகள் அடங்கவே அடங்காது. இரு சராசரிகளின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை 3.1. கிடைத்த வித்தியாசம் 3. அதாவது குழுக்களுக்கு இடையே உண்மையில் வேறுபாடு இல்லாவிட்டாலும் இப்படி 3 வந்துபோகக்கூடியதுதான்.

அச்சை 46 முதல் 60 வரை வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் 4.5 அலகுக்குப் பிழைக்கோடு போடுங்கள். 50இல் தொடங்கிய அந்த முதல் எக்செல் படத்தையும் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மூன்றையும் பார்த்துவிட்டு, "மூன்றாம் குழு சிறந்தது என்று சொல்லலாமா?" என்று மாணவர்களையே கேளுங்கள்.